உரோமையிலும் திருப்பூரிலும் ஒரு சட்டை

வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் விடுப்பில் வந்து பெட்டியைத் திறக்கும்போது நம் இல்லங்களில் ஒரே ஆரவாரம். “ஃபாரின் துணி, சாயம் போகாது” என்று அண்டை வீட்டாருக்கும் காட்டி மகிழ்கின்றனர். கழுத்துப்பட்டியின் உட்புறம் தைக்கப்பட்டுள்ள சிறு துண்டைப் படிப்போர் சிலரே. படித்தால், அது வங்காளதேசத்திலோ வியட்நாமிலோ, ஏன், நம் திருப்பூரிலோ தைக்கப்பட்டதெனத் தெரியவரும்.

நாம் உரோமையில் மேற்படிப்புக்காகத் தங்கியிருந்த ஆண்டுகளில் இதை நேரிலேயே கண்டோம். ஞாயிறு காலைகளில் கூடும் போர்த்தா போர்த்தேசே சந்தையில் பருத்தி டீ சர்ட்டுகள் குவியல் குவியலாய்க் கிடக்கும். கோர்சோ வீதியின் கண்ணாடிக் கடைகளிலோ அதே வகைச் சட்டை பன்மடங்கு விலை. இரண்டிலும் இந்தியாவின் பெயரே இருக்கக் கண்டதுண்டு. மாணவக் குருவின் பணப்பை நம்மை எந்தப் பக்கம் நடத்திற்று என்று சொல்ல வேண்டுவதில்லை!

இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நூலிலிருந்தன்று. கடை வாடகை, பணியாளர் ஊதியம், விளம்பரம், விற்காமல் தங்கிய சரக்கு ஆகிய அனைத்தும் விலைச்சீட்டில் ஏறிவிடுகின்றன. வரியும் உண்டு. இத்தாலியில் ஆடைக்கு 22 விழுக்காடு வரி. ஆகவே நூறு யூரோ விலையில் பதினெட்டு யூரோ அரசுக்குரியது. பிரிட்டனில் சிறுவர் ஆடைக்கு அவ்வரியே இல்லை. நம் நாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடு.

மேலும், யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்த்து “இங்கே எவ்வளவு மலிவு!” என வியப்பது சரியான கணக்காகாது. உரோமையில் பத்து யூரோச் சட்டையைக் கடைச் சிப்பந்தி ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேர உழைப்பில் ஈட்டிவிடுகிறார். நம் ஊரில் முந்நூறு ரூபாய்ச் சட்டைக்கு ஒரு கூலியாள் அரைநாளேனும் வியர்வை சிந்த வேண்டும். யாருக்கு மலிவு?

தரத்திற்கு வருவோம். 1978-இல் இத்தாலிய வணிகர் ஒருவர் வந்ததிலிருந்தே திருப்பூரின் நேரடி ஏற்றுமதி தொடங்கிற்று என்பர். இன்று அங்குக் காதர்பேட்டைக்குச் சென்றால், ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டைகளை யூரோச் சீட்டுடனேயே காணலாம். துணியின் கனத்தை அவ்வூரார் ஜி.எஸ்.எம். என்று குறிப்பிடுவர்; ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. ஏற்றுமதிச் சட்டைகளில் 160, 180 என்பது வழக்கமான அளவு. அதே ஊரில் தைத்து நம் சந்தைக்கு வரும் மலிவுச் சட்டைகள் பலவற்றில் கனமும் குறைவு, நூலும் மட்டம். அயலாருக்கு ஒரு தரம், நம்மவருக்கு ஒரு தரம் என்பதில் நமக்கு மனத்தாங்கல்தான்.

ஆயினும் மலிவு என்பதை யாரோ ஒருவர் சுமக்கிறார். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஐரோப்பியக் கடைகளுக்காகத் தைத்துக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள். அவர்களுடைய மாத ஊதியம் 38 யூரோ எனச் செய்தியில் கண்ட திருத்தந்தை பிரான்சிஸ், மே முதல் நாள் மறையுரையில் அதை அடிமை வேலை என்றே சாடினார். நம் பக்கத்தில் நொய்யல் ஆறு சாயக்கழிவால் பாழாகி, 2011-இல் சாய ஆலைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் இப்போது சாயக் கூலியில் சேர்கிறது; முன்பு அதை ஆற்றங்கரை உழவர்கள் தம் நிலத்தால் கட்டிவந்தனர்.

பண்டிகைக்குத் துணி எடுக்கும் தாய்மார்கள் எதைப் பார்த்து வாங்குவது என்று நம்மைக் கேட்பதுண்டு. நாட்டின் பெயரைப் பார்க்க வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்புறம் திருப்பித் தையலை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். பின்னல் துணி முதல் சலவையிலேயே சற்றுச் சுருங்கக்கூடும். வளரும் பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாகவே எடுங்கள்.