மிஷினுக்கு மிஷின்

பிறருக்கு யோசனை சொல்வதென்றால் எனக்குக் கரும்பு தின்கிற மாதிரி. கதை எழுதுகிறவர்களுக்கு உள்ள வியாதி அது. பாத்திரங்கள் நாம் சொன்னபடி நடந்து பழகிவிட்டதால், நிஜ மனிதர்களையும் நடத்திவைக்கலாம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்குத் தெளிந்தது போடிநாயக்கனூரில்.

நாவல் ஒன்றை முடிப்பதற்காக அங்கே அத்தை வீட்டு மாடியில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். விடிவதற்கு முன்பே தெருவில் ஜீப்புகள் உறுமும். தூக்குச்சட்டியோடு ஆண்களும் பெண்களும் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். போடி மெட்டுக்கு அப்பால், கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புவார்கள்.

பின்கட்டில் குடியிருந்தவரும் அப்படிப் போகிறவர்தான். சொந்த மிஷின் வைத்துக்கொண்டு, தோட்டம் தோட்டமாகக் கூலிக்கு மருந்து அடிப்பார். அந்த வருஷம் கடனை உடனை வாங்கிப் புது மிஷின் ஒன்று வாங்கினார். மூன்றாம் நாள் தோட்டத்தில் ஓஸ் பைப் வெடித்து, மருந்து வலது கண்ணில் பீச்சியடித்தது. மதுரை வரை கொண்டுபோனார்கள். பார்வை திரும்பவில்லை.

கடைக்காரர் கெட்டவர் அல்ல. வெடித்த மிஷினை எடுத்துக்கொண்டு, காசு வாங்காமல் வேறு மிஷின் கொடுத்தார். "வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டு வழக்கெல்லாம் நமக்கு எதற்கு?" என்று யோசனை சொன்னவன் சாட்சாத் நான்தான்.

அவர் மனைவி வாசற்படியில் நின்றபடி, "மிஷினுக்கு மிஷின் குடுத்துட்டாங்க, சார். கண்ணுக்குக் கண்ணு யாரு குடுப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தோன்றவில்லை. மாடிக்குப் போய் நாவலைத் தொடர்ந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதை ஏதோ கதை மாதிரிச் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

"2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் வரும் தீங்குக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறதே! 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. அமைப்பில் கோளாறு, தயாரிப்பில் கோளாறு, போதுமான எச்சரிக்கை இல்லாதது, இதில் எதுவானாலும் தயாரித்தவர் பதில் சொல்லியாக வேண்டும். பூட்டிக் கொடுத்ததிலோ சோதித்துப் பார்த்ததிலோ கவனம் தவறியிருந்தால் விற்றவரும் பொறுப்பு. வாங்கியவர் தாறுமாறாக உபயோகித்தார், மாற்றியமைத்தார் என்று காட்டினால் விற்றவர் தப்பலாம். மிஷினுக்கு வந்த சேதம் வேறு, மனிதனுக்கு வந்த சேதம் வேறு. நீங்கள் முதல் கணக்கைத் தீர்த்துவிட்டு இரண்டையும் மூடிவிட்டீர்கள்."

"தொழிலுக்கு வாங்கிய மிஷினாயிற்றே?"

"பிழைப்புக்காகத் தானே உழைக்க வாங்கினால் அவரும் நுகர்வோர்தான்."

"தோட்டம் கேரளத்தில் அல்லவா?"

"அவர் வீடு போடியில்தானே? தேனி மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் 2 வருஷத்துக்குள் போட வேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்றாட வேண்டியிருக்கும்."

மீதி இருந்தது ஆறே மாதம். மறுநாளே போடிக்குப் புறப்பட்டேன்.

வழியெல்லாம் ஒரு பழைய சம்பவம் நினைவில் சுற்றிக்கொண்டிருந்தது. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் பூச்சி மருந்து கலந்த உணவைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பாரத்தியான் என்ற விஷம், உணவுச் சரக்கோடு சேர்ந்து வந்தபோது கசிந்து கலந்துவிட்டது. விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். பூச்சி மருந்துச் சட்டம் வந்தது 1968இல்தான். மருந்து டப்பாவின் மேல் விஷத்தின் கடுமையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறத்தால் காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. நம் நாட்டில் சட்டம் சாவுக்குப் பின்னால் நடந்து வருகிறது. அப்படி வந்து சேர்ந்த சட்டத்தையும் என்னைப் போன்ற யோசனைக்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

அவர் வீட்டில் இருந்தார். மருந்து அடிக்கப் போவதை விட்டுவிட்டாராம். விஷயத்தைச் சொல்லி, என் தவற்றையும் சொன்னேன்.

"விடுங்க சார், நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மிஷின் கடையோடு போய்விட்டது, சாட்சிக்கு என்ன செய்வது என்று நான் விழித்தேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு கடை பில்லும் இருந்தது. பிறகு கூரையில் செருகியிருந்த ஓஸ் பைப்பை உருவி எடுத்தாள். வெடித்த வாய் அப்படியே பிளந்து கிடந்தது. கடைக்காரர் மிஷினை மட்டும்தான் எடுத்துப் போயிருக்கிறார். "தூக்கிப் போட மனசு வரலை, சார்" என்றாள். இத்தகைய பொருளை ஆணையமே பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி அறிக்கை பெற முடியும் என்று நண்பர் சொல்லியிருந்தார்.

அன்றிரவு அந்தத் திண்ணையில் உட்கார்ந்து மனுவை நான்தான் எழுதினேன். நடந்தது நடந்தபடி, ஒன்றரைப் பக்கம். வழக்கு இன்னும் நடக்கிறது. ஜயிக்குமா என்று எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் யாராவது யோசனை கேட்டால், முதலில் பில் இருக்கிறதா என்று கேட்கிறேன். உடைந்த சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன். அதற்கு மேல், தெரிந்தவரிடம் அனுப்பிவிடுகிறேன்.