இன்னாமே

தென்காசிப் பக்கம் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை யாராவது "இன்னாமே" என்று கூப்பிட்டால் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். எனக்கு இருந்தது. திருப்பத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், அடுப்படியிலிருந்து என் அத்தை "இன்னாமே, நாஷ்டா துன்னியா?" என்று கேட்டார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்டார். என் காதில் அது ஏச்சாக விழுந்தது. அன்று ராத்திரி அழுதேன். அதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

இத்தனைக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு ஒன்றும் மென்மையானதல்ல. தோழியை "ஏட்டி" என்போம், "ஏளா" என்போம். வேண்டாத பேச்சை "சவத்த வுடு" என்று தள்ளுவோம். பெற்ற பிள்ளையைக் கொஞ்சும்போதே "மூதி" என்கிற தாய்மார் அங்கே உண்டு. பிணத்தையும் மூதேவியையும் அன்றாடம் கேட்டு வளர்ந்த எனக்கு ஒரு "மே" தாங்கவில்லை. "ஏட்டி" என்றவர்கள் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். "இன்னாமே" என்றவரை எனக்கு அப்போதுதான் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ளத்தான் வெகுகாலம் பிடித்தது.

திருப்பத்தூர் 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பேச்சு பிரியவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், வேலூர் என்று பாலாற்றை ஒட்டிப் போகும் வழியெல்லாம் என்னாண்ட, அப்பால, குந்து, ரவ, கம்முனு கெட. ஆம்பூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியதும் இதனோடு உருதும் சேர்ந்துகொண்டது. எதிர்ப்படும் பெரியவர் பாய், வயதில் மூத்த முஸ்லிம் பெண் ஆப்பா. உஷாரு, ஜல்தி, பேஜாரு, கலீஜு எல்லாம் அந்த வழியாக வந்தவை. 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்ட போர் நடந்ததே இந்த ஆம்பூரில்தான். நவாபுகளின் கச்சேரி மொழி பாரசீகம். வசூல், ஜப்தி, தகராறு, ராஜினாமா என்று அதில் பாதியைத் தமிழ்நாடு முழுக்க இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அப்பா தென்காசியில் வாய்க்கு வாய் சொல்லும் "பரவாயில்லை" கூட, அக்கறை, கவலை என்று பொருள்படும் 'பர்வா' என்ற பாரசீகச் சொல்லும் நம் 'இல்லை'யும் சேர்ந்தது என்று ஒரு ஆப்பாதான் எனக்குச் சொன்னார். அன்றைக்கு இந்த ஊர் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்தது.

நான் சேர்ந்தது ஒரு ஷூ கம்பெனி. தோல் ஷாப்பில் பதப்பட்டு வரும் தோல் இங்கே கட்டிங் முடிந்து, ஓரம் சீவப்பட்டு, ஸ்டிச்சிங்கில் ஷூவின் மேல்பாகமான அப்பராகி, அதை அச்சில் ஏற்றும் லாஸ்டிங்குக்குப் போகும். ஸ்டிச்சிங் லைனில் பெரும்பாலும் பெண்கள். மிஷின் சத்தத்தில் நீளமாகப் பேச முடியாது. அதனால் அங்கே பேச்சே நாலைந்து துண்டுச் சொற்களில்தான் ஓடும். அந்தத் துண்டுகளுக்கு அர்த்தம் பழகுவது, மிஷின் பழகுவதைவிடக் கஷ்டம்.

"பரவால்ல" ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விரலில் ஊசி ஏறிய பெண்ணிடம் என்ன ஆச்சு என்று கேட்டால் "பரவால்ல" என்பாள். வலிக்கிறது, ஆனால் நான் எழுந்தால் என் பக்கத்தில் வேலை குவியும் என்று அதற்கு அர்த்தம். வீட்டில் செய்து கொண்டுவந்த பிரியாணியை ருசி பார்க்கச் சொல்லிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளிடம் "பரவால்ல" என்று இழுத்தால் அது பாராட்டு, அவள் சிரிப்பாள். அதையே இழுக்காமல் வெட்டிச் சொன்னால் உப்பு குறைவு. மகனுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட முடியாமல் தேம்புகிறவளின் முதுகில் கை வைத்து, "பரவால்ல வுடு" என்று வயதானவர் சொல்வது வேறு. அங்கே அது ஆறுதல்கூட இல்லை, நானும் இதைத் தாண்டித்தான் வந்தேன் என்ற சாட்சி. சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் "பரவால்ல மேடம்" என்று ஒன்று வரும். அந்த "மேடம்" ஒட்டிக்கொண்டதும் சொல் தலைகீழாகிவிடும். அது கோபம். கேட்காத மாதிரி போய்விடக் கூடாத கோபம்.

சினிமா வசனங்களை நான் முதலில் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். என்னத்த கன்னையா சொன்ன "வரும், ஆனா வராது" 2007இல் வந்த 'தொட்டால் பூ மலரும்' படத்தில் உள்ளது. எங்கள் லைனில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓ.டி. பணம் எப்போது வரும் என்று மேலதிகாரியிடம் நேராகக் கேட்கத் தைரியம் இல்லாத பெண், அவர் கடந்துபோகும்போது இதைச் சொல்வாள். சுற்றி எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரித்தாக வேண்டும். கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது. யார் கேட்டது என்று எழுதிவைக்க முடியாது, ஏனென்றால் சொன்னது கன்னையா. 2001இல் 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு பேசிய ஆணி வசனத்துக்கும் இதே உத்தியோகம்தான். ஒரே வேலையை இரண்டாவது தடவை பிரித்துத் தைக்கச் சொல்லும்போது "சரி, ஆணி புடுங்கறோம்" என்று ஒரு குரல் எழும். எளியவர்கள் மேலே இருப்பவர்களிடம் பேசுவதற்குப் பிறர் வாயைக் கடன் வாங்குகிறார்கள். தெருக்கூத்தில் கட்டியக்காரன் வாயில் ஊர் தன் வருத்தத்தை வைத்தது இந்த மண்ணில்தானே.

லைனில் உட்கார்ந்து தைத்த காலத்தில், முதலில் நான் எல்லோருக்கும் "நீங்க". என் தென்பாண்டித் தமிழைக் கேட்டு ஒதுங்கியே இருந்தார்கள். ஒருநாள் நூல் அறுந்து தவித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மிஷின்காரி, "இன்னாமே, என்னாண்ட கேக்கறதுக்கு இன்னா?" என்று திட்டிக்கொண்டே நூல்கண்டை எடுத்து வைத்தாள். வீட்டில் என்னை அழவைத்த அதே சொல். அன்று அது எனக்கு இடம் போட்டுக் கொடுத்தது. சாப்பாட்டு இடைவேளையில் "வாமே, குந்து" என்று நகர்ந்தார்கள். அத்தை கேட்டதும் இதே உரிமையோடுதான் என்பது அப்போதுதான் மனசில் பட்டது. வந்த புதிதிலேயே என்னை வீட்டு மனுஷியாக வைத்துப் பேசியிருக்கிறார்.

பிறகு என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சந்தோஷம்தான். ஆனால் இதைச் சொல்லிவிட வேண்டும்: அந்த வாரமே "மே" என்னைவிட்டுப் போய்விட்டது. நேற்றுவரை என் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவள் "சாப்டீங்களா மேடம்" என்று கேட்டாள். மரியாதை கூடிவிட்டது, நான் வெளியே நின்றேன். சம்பளம் உயர்ந்த அந்த மாதத்தில் நான் இழந்ததை வீட்டில் யாருக்கும் விளக்கத் தெரியவில்லை. பழையபடி கூப்பிடுங்கள் என்று கேட்கவும் முடியாது. கேட்டு வாங்கினால் அது அந்தச் சொல்லே இல்லை.

மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது வழுவமைதி வந்தது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பதும், மகளை 'வாடா கண்ணா' என்று தாய் அழைப்பதும் இலக்கணப்படி பிழை, ஆனாலும் ஏற்கலாம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதற்கு ஐந்து காரணம் சொல்கிறார்: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. அந்தப் பட்டியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பையும் இழிவையும் அவர் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே மாதிரி முறை மீறும். எது உவப்பு, எது இழிப்பு என்பதைச் சொல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொன்னவரையும் கேட்டவரையும் பார்த்தாக வேண்டும்.

எங்கள் ஃப்ளோரில் நான் தினம் பார்ப்பது இதைத்தான். படிப்பு முடித்து நேரே சூப்பர்வைசராக வரும் பையன்கள் சிலர், அம்மா வயதுப் பெண்களை "இன்னாமே, இன்னும் முடிக்கலியா?" என்கிறார்கள். கேட்டால், "இந்த ஊர் ஸ்லாங் மேடம், எல்லாரும் அப்படித்தானே பேசறாங்க" என்று பதில் வருகிறது. எல்லோரும் பேசுவது உண்மை. ஆனால் அந்தப் பெண் திரும்பி அவனை "இன்னாடா" என்று கேட்க முடியாது. திருப்பிச் சொல்ல முடியாதவரிடம் சொல்லப்படும்போது அது ஸ்லாங் இல்லை. மூத்தவரை ஒருமையில் அழைப்பது இந்த நாட்டில் சாதியின் பழைய ஆயுதம். தோல் தொட்டவர்களைத் தள்ளிவைத்த சமூகம் இது. தலைமுறையாகத் தோலில் நிற்கும் குடும்பத்துப் பெண்ணின் காதில் அந்த ஒருமை எங்கே போய்த் தைக்கும் என்பதை அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை. வட்டார வழக்கைக் கொண்டாடி எழுதுகிறவர்களும் இந்த இடத்தைத் தொடாமல் போவது எனக்கு வருத்தம்.

புதியவர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தச் சொன்னபோது, லைனிலேயே மூத்த அக்காவிடம் போய், உங்களை எப்படிக் கூப்பிடச் சொல்லட்டும் என்று கேட்டேன். மேடம், அம்மா, அக்கா என்று நானே சிலவற்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் தைப்பதை நிறுத்தவில்லை. "பேரு வெச்சிக்கினுதானே இருக்கறோம்? அத கத்துக்கினு வரச் சொல்லு. பேர சொல்லி, பின்னாடி ஒரு அக்கா சேத்துக்கட்டும். அப்பால அவங்களுக்கு இன்னா வருதோ பேசட்டும்" என்றார். பயிற்சியின் முதல் நாளில் மிஷினைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் லைனின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தேன். மறுநாள் காலை ஷிப்ட் தொடங்குமுன், தாளைப் பார்க்காமல் பெயர் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு வரச் சொன்னேன்.