அட்டவணையில் இருந்த நிலா

664 மே 1. பிரிட்டனில் சூரிய கிரகணம்.

பீட் எழுதி வைத்திருப்பது மே 3.

அவர் அப்போது பிறக்கவில்லை. ஜாரோ மடத்துத் துறவி. தன் வரலாற்று நூலை முடித்தது 731இல். கையில் ஈஸ்டர் அட்டவணை. அமாவாசையன்றுதான் சூரிய கிரகணம் வரும், அட்டவணையில் அமாவாசை எங்கே இருக்கிறதோ அங்கே நாளை நகர்த்திவிட்டார் என்றே படுகிறது.

அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்பில் மே 1 என்றே இருக்கிறது. யாரோ அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

அதே காலம், நார்தம்பிரியா. அரசர் ஓஸ்வியு ஈஸ்டர் விருந்தில். அரசி இன்னும் தவக்கால நோன்பில். ஒரே அரண்மனை, இரண்டு ஈஸ்டர் கணக்கு.

19 ஆண்டில் நிலா பழைய தேதிக்குத் திரும்பும். 28 ஆண்டில் கிழமை. பெருக்கினால் 532, ஈஸ்டர் தேதிகள் அப்படியே திரும்பும் ஆண்டுகள். இந்த எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன்.

உலகம் தோன்றியதிலிருந்து கிறிஸ்து பிறக்கும்வரை எத்தனை ஆண்டு? பழைய கணக்கு 5199. பீட் கணக்கு 3952.

708இல் பீட் எழுதிய ஒரு கடிதம். கோபமான கடிதம். ஆயரின் விருந்தில் குடித்திருந்த நாட்டுப்புறத்தார் இந்தக் கணக்குக்காகத் தன்னைத் திருச்சபைக்கு விரோதி என்றார்களாம்.

பிற்காலத்தில், மைன்ஸ் நகரில் மரியானுஸ் ஸ்காட்டுஸ். அயர்லாந்துக்காரர். தானே விரும்பி அடைபட்ட அறை, 1082இல் சாகும்வரை. அதற்குள்ளிருந்து உலக வரலாறு.

சிலுவை ஆண்டைக் கண்டுபிடிக்க அவர் தேடியது: மார்ச் 25, வெள்ளி, யூதரின் பாஸ்கா விழா நிலா, மூன்றும் கூடும் ஆண்டு. வழக்கிலிருந்த கணக்கில் 34ஆம் ஆண்டு பொருந்தவில்லை. 12 பொருந்தியது. ஆகவே எல்லோரும் எழுதும் ஆண்டுக்கணக்கு 22 ஆண்டு பிசகு என்றார்.

வானத்தை நம்பி ஊர் முழுக்கப் பழகிய எண்ணை மறுக்க எவ்வளவு துணிவு வேண்டும்!

சிலுவையின்போது இருள். மூன்று மணி நேரம்.

பாஸ்கா பௌர்ணமியில் வரும். பௌர்ணமியில் சூரியனை நிலா மறைக்க முடியாது.

சாக்ரோபோஸ்கோவின் வானியல் பாடநூல் இந்த இடத்தில்தான் முடிகிறது. கிரகணம் அல்ல, அற்புதம். கிரகணம் எப்போது வராது என்று கணக்குத் தெரிந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அறிஞர் ரோஜர் பேகனின் கணக்கு. சிலுவை நாள் 33 ஏப்ரல் 3, வெள்ளி. இன்றைய ஆய்வாளர் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

19 ஆண்டுச் சுற்றில் ஒரு சிறு பிழை. முந்நூறு ஆண்டுக்கு ஒரு நாள் என்று சேர்கிறது.

1267இல் பேகன் போப் கிளமென்ட்டுக்கு எழுதினார்: அட்டவணையிலிருந்து நிலா மூன்று நான்கு நாள் விலகிப்போயிற்று, எந்த உழவனும் வானத்தைப் பார்த்தாலே தெரியும்.

போப் 1268இல் இறந்தார். நாட்காட்டி திருந்தியது 1582இல்.