28 நாளுக்குப் பிறகு

என் தங்கை பேரன் ராஜஸ்தானில் துத்தநாகச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். வைகாசித் திருவிழாவுக்குச் சோழவந்தான் வந்தவனிடம், "தோண்டி எடுத்த இடத்தை அப்புறம் என்னடா செய்வீங்க?" என்றேன். "திரும்ப அடைச்சிடுவோம் தாத்தா" என்றான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு உடனே 'ராம்ப்ளே' என்ற சொல் நினைவுக்கு வந்தது. பொருள் அதேதான்: அடைப்பு மண்.

பில்வாரா மாவட்டத்து ராம்புரா அகூச்சா போன்ற சுரங்கங்களில், தாதுவை அரைத்துத் துத்தநாகமும் ஈயமும் பிரித்தபின் மிஞ்சுகிற பொடியோடு சிமெண்டும் தண்ணீரும் குழைத்து, குழாய் வழியே உள்ளே இறக்குகிறார்கள். அது இறுகிச் சுவராக நின்றால்தான் பக்கத்துத் தாதுவை வெட்ட முடியும்.

சிக்கல் அந்தப் பொடியில் இருக்கும் கந்தகத்தில். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டில் காற்றும் ஈரமும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகிறது. அதிலிருந்து வரும் சல்பேட், சிமெண்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகிறது. அலுமினாவும் கூடினால் எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகமாகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'காந்த்லோ உப்பு' என்பார்கள்.

முதலில் இந்த ஊசிகள் நுண்துளைகளை அடைப்பதால் பலம் கூடும். துளைகள் நிரம்பிய பிறகும் வளர்ந்தால் உள்ளிருந்து நெட்டித் தள்ளும். அடைப்பு உப்பி, விரிசல் விட்டு, பலம் இறங்கிவிடும். உவர் ஏறிய சுவரில் பூச்சு உதிர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதைதான்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது கான்கிரீட் கட்டிகளின் 7 நாள், 28 நாள் சோதனை அறிக்கைகளைக் கோப்பில் சேர்ப்பேன். 28ஆம் நாள் எண் சரியாக இருந்தால் கோப்பு நகரும். கந்தக மண்ணுக்கு அந்தக் கணக்குப் போதாது. 28ஆம் நாளில் நல்ல பலம் காட்டுவது சில மாதங்களில் தளர்ந்துவிடலாம். அதனால் 90, 180 நாள், அதற்கு மேலும் சோதிக்க வேண்டும். பைரைட்டை முன்பே பிரித்தெடுப்பது, சிமெண்டில் ஒரு பங்குக்கு உருக்காலைக் கசடு சேர்ப்பது, அடைப்பை ஈரம் காயாமல் வைத்துக் காற்றுப் புகாமல் காப்பது என்று வழிகளும் உண்டு.

கோலார் தங்கவயல் 2001இல் மூடப்படும்வரை 3 கிலோமீட்டர் ஆழத்தில் உழைத்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். பாறை வெடித்துப் போன உயிர்களும் பல. சுரங்கத்தில் எதைத் தாங்கலாக நிறுத்தினாலும் அதன் ஓரத்தில் நிற்பது ஆள்தான். அறிக்கை 28ஆம் நாளோடு முடியலாம். அவர் அங்கே நிற்கப்போவது அதற்குப் பிறகு.