கொல்லன் வளர்த்த பிள்ளை

கதைப் புத்தகம் படிப்பதனால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். பரீட்சைக்கு வராத புத்தகம் எதற்கு என்று கேட்கும் மாணவரும் இருக்கின்றனர். இரு சாராருக்கும் பொதுவாக ஒரே விடை கூறிவிட இயலாது. எல்லாக் கதைகளும் எல்லார்க்கும் பயன்படுவன அல்ல. ஆயினும் வளர்ந்துவரும் பிள்ளைக்கு, பெற்றோர் சொல்ல இயலாததையும் ஆசிரியர் சொல்லக் கூசுவதையும் சில நாவல்கள் சொல்லிவிடுகின்றன. அத்தகைய நாவல் ஒன்றைப் பற்றி, நானுஓயாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இருந்து நகரத்துப் பாடசாலைகளுக்குப் போய்வரும் மாணவ மாணவியருக்கு நான்கு வார்த்தை கூற விரும்புகிறேன்.

நாவலின் பெயர் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. ‘பெரும் எதிர்பார்ப்புகள்’ என்று தமிழிற் கூறலாம். சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதியது. அவர் நடத்திய ‘ஆல் த இயர் ரவுண்ட்’ என்னும் வார இதழில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை தொடர்கதையாக வெளிவந்தது. அந்த ஆண்டுகளைச் சற்றே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பொழுது நானுஓயாவுக்கு ரயில் இல்லை. 1885 ஆம் ஆண்டிலேதான் இங்கே ரயில் வந்தது. தேயிலைத் தோட்டங்களும் இல்லை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பெரும் பயிராக நட்டது 1867 இல். மலைநாட்டில் அன்று கோப்பியே பயிர். அந்தக் கோப்பித் தோட்டங்களை நாடி நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், இலண்டன் மக்கள் இக்கதையை வாரந்தோறும் காத்திருந்து வாசித்தனர்.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். பிப் என்பவன் தாய் தந்தையரை இழந்த சிறுவன். தமக்கையின் வீட்டில் வளர்கிறான். தமக்கை கடுமையானவள். அவள் கணவர் ஜோ கிராமத்துக் கொல்லர், உலைக்களத்தில் இரும்படித்துப் பிழைப்பவர், அன்பே உருவானவர். அருகிலுள்ள நகரத்துச் சீமாட்டி ஒருத்தியின் மாளிகைக்கு விளையாடச் செல்லும் வாய்ப்புப் பிப்புக்குக் கிடைக்கிறது. மணநாளிலே ஏமாற்றப்பட்ட அந்தச் சீமாட்டி, வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் அந்த நேரத்தோடு நிறுத்திவிட்டு, நைந்துபோன மணவாடையுடனேயே வாழ்கிறாள். அங்கே எஸ்டெல்லா என்னும் அழகிய சிறுமியைப் பிப் காண்கிறான். சில ஆண்டுகள் சென்றபின், பெயர் கூற விரும்பாத ஒருவர் பெருஞ்செல்வம் வழங்கப்போவதாகவும், பிப் இலண்டன் சென்று கனவானாக வளரவேண்டும் எனவும் ஒரு வழக்கறிஞர் வந்து அறிவிக்கிறார். கொடுப்பவர் யாரென்று விசாரிக்கலாகாது என்பது நிபந்தனை. பிப் புறப்பட்டுவிடுகிறான்.

ஆங்கில நாட்டுச் சதுப்பு நிலத்துப் பையனுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். எட்டாம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். சீட்டாடும்போது எஸ்டெல்லா பிப்பின் முரட்டுக் கைகளையும் தடித்த சப்பாத்துகளையும் பார்த்து ஏளனம் செய்கிறாள். அந்த வேளை வரையில் பிப் தன் கைகளைப் பற்றி நினைத்ததே இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் மனத்தில் அந்தக் கைகளே நிற்கின்றன. நேற்றுவரை இனித்த வீடு இன்று கசக்கிறது.

லயத்திலிருந்து முதன்முதலாக நகரத்துப் பாடசாலைக்குப் போன பிள்ளைக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. “உங்கள் வீடு எங்கே?” என்று வகுப்பிலே ஒருவன் கேட்கிறான். தோட்டத்தின் பெயரைச் சொல்வதா, பக்கத்து நகரத்தின் பெயரைச் சொல்வதா என்று ஒரு கணம் மனம் தடுமாறுகிறது. அந்த ஒரு கணத்தைத்தான் டிக்கன்ஸ் ஒரு பெரிய நாவலாக விரித்திருக்கிறார்.

அவர் இதனைக் கற்பனையால் மட்டும் அறிந்தவரல்லர். 1824 இல், பன்னிரண்டு வயதில், சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையிற் புட்டிகளுக்குப் பெயர்த்தாள் ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டவர் டிக்கன்ஸ். அவர் தந்தை கடனுக்காகச் சிறையில் இருந்தார். உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவர் இதனை வெளியிற் சொல்லவில்லை. 1870 இல் அவர் இறந்தபின், நண்பர் ஜோன் ஃபோர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றினாலேயே உலகம் அறிந்தது. ஏழ்மையை மறைக்கும் மனம் எப்படி வேலை செய்யும் என்பதை அவருக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, ஏழாம் அத்தியாயம். எழுதப் பழகும் சிறுவன் பிப், பலகையில் ஜோவுக்கு ஒரு கடிதம் எழுதிக் காட்டுகிறான். ஜோவுக்குத் தம் பெயரின் இரண்டு எழுத்துகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்த இரண்டையும் கண்டுகொண்டு அவர் அடையும் மகிழ்ச்சி அளவற்றது. பிறகு தம் இளமையைச் சொல்கிறார். அவர் தந்தை குடிகாரர். மனைவியையும் மகனையும் அடிப்பவர். தாய் மகனை அழைத்துக்கொண்டு ஓடிப்போய் எங்காவது பள்ளியிற் சேர்ப்பாள். தந்தை தேடி வந்து இழுத்துப்போவார். படிப்பு அவ்வளவில் நின்றுபோயிற்று.

என் தாயார் கொழுந்து பறித்தவர். சம்பள நாளிற் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் பெற்றவர். நான் ஆசிரியர் கலாசாலையிற் பயின்ற காலத்தில், விடுமுறைக்கு வந்த ஓரிரவு, அடுப்படியில் அமர்ந்து இந்த அத்தியாயத்தை அவருக்குத் தமிழிற் சொன்னேன். விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டிருந்தவர், “படிக்காதது அந்த மனுசன் குத்தமில்லையே, தம்பி. பெறகாவது அந்தப் பையன் அவருக்குச் சொல்லிக் குடுத்தானா?” என்று கேட்டார். நாவலைப் பற்றி அதனினும் கூர்மையான கேள்வியை எந்த விமரிசகரும் எழுப்பி நான் படித்ததில்லை.

அதற்கு நாவலிலே விடை இருக்கிறது. பிப் சொல்லிக்கொடுக்க முயன்றான். ஆனால் எதற்காக? ஜோ தனக்கு ஏற்றவராக வேண்டும், எஸ்டெல்லாவின் ஏளனத்துக்கு ஆளாகாதவராக வேண்டும் என்பதற்காக. அந்தப் பாடம் ஜோவுக்கு ஏறவில்லை. பல்லாண்டு கழித்து, பிட்டி என்னும் எளிய கிராமத்துப் பெண் அன்போடு கற்பித்தபோது, உலைக்களத்துக் கை எழுதுகோலைப் பிடித்து எழுதத் தொடங்குகிறது. ஐம்பத்தேழாம் அத்தியாயத்தில் அதனைக் காண்பீர்கள். கற்பிப்பவனுடைய நெஞ்சில் வெட்கம் இருந்தால் கல்வி ஏறாது என்பதை இவ்வளவு மெல்லக் கூறிய நூல் வேறொன்று எனக்குத் தெரியாது.

இருபத்தேழாம் அத்தியாயத்தில், ஜோ பிப்பைப் பார்க்க இலண்டனுக்கு வருகிறார். புதிய உடுப்பு அவருக்குப் பொருந்தவில்லை. தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை; வைத்த இடத்திலிருந்து அது விழுந்துகொண்டே இருக்கிறது. வளர்த்த பிள்ளையை ‘ஐயா’ என்று அழைக்கிறார். பணம் கொடுத்தாவது இவர் வரவைத் தடுத்திருக்கலாமே என்று பிப் எண்ணுகிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் சில மாணவர் வாசிக்க வருவதுண்டு. இந்த அத்தியாயத்தை ஒருநாள் உரக்கப் படித்தபோது, உயர்தர வகுப்பில் இருந்த ஒரு மாணவன் தலை குனிந்தவாறே இருந்தான். மற்றவர் போனபின் என்னிடம், “சேர், பெற்றார் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கூட்டமே இல்லை என்று சொன்னேன்” என்றான். அவன் தந்தை கவ்வாத்து வெட்டுபவர். நான் அவனைக் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை; அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களை மறுபடி படிக்கச் சொன்னேன். அங்கே ஜோ, தாம் உலைக்களத்தில் இருக்கும்போதே தமக்கு அழகு என்றும், தம்மைப் பார்க்க விரும்பினால் அங்கே வந்து பார் என்றும் சொல்லி, கோபமின்றி விடைபெறுகிறார். எழுத்தறியாத அந்த மனிதரே அவ்வறையில் இருந்த உண்மையான கனவான் என்பது அப்பொழுது விளங்கும். அடுத்த கூட்டத்துக்கு அந்த மாணவனின் தந்தை வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் கேட்பது ஆசிரியன் வேலையன்று.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கொல்லன் வீட்டுப் பிள்ளை கொல்லனாகவே இருக்கவேண்டும் என்பது இந்நூலின் கருத்தன்று. அவ்வாறு பொருள் கொள்பவர் நம் பிள்ளைகளுக்குத் தீங்கே செய்வர். படிக்க ஆசைப்பட்டது பிப்பின் குற்றமில்லை. ஜோவும் அதனைத் தடுக்கவில்லை, மகிழ்ந்தே வழியனுப்பினார். உயர விரும்புவது வேறு. உயர்த்தி விட்டவரைக் கண்டு நாணுவது வேறு. இவ்விரண்டும் ஒன்றாகப் பிறந்தவை போலத் தோன்றும் வயது ஒன்று உண்டு. அந்த வயதிலேயே இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான் வளர்ச்சி.

பிப்பின் செல்வத்துக்குக் காரணமானவர் யார் என்பதை நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கூறுவேன். பிப் நம்பியது போல அது அழகிய மாளிகையிலிருந்து வந்த பணமன்று. கடல் கடந்த தூர தேசத்தில் வெயிலிலும் மழையிலும் பாடுபட்ட ஒருவருடைய உழைப்பு, இலண்டனிலே ஒருவனுக்குப் பட்டாடையாயிற்று. இதனைப் படிக்கும் மலைநாட்டுப் பிள்ளைக்குத் தன் தாயின் கொழுந்துக் கூடை நினைவுக்கு வராமற் போகாது. இலண்டன் வீடுகளின் தேநீர்க் கிண்ணங்களை நிரப்பியவர்களும் கடலுக்கு இப்பால், எவர் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தவர்களே. ‘என் படிப்புக்குச் செலவு செய்தவர் யார்?’ என்ற வினாவை உங்களுக்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இனி, எப்படிப் படிப்பது என்பது பற்றிச் சில யோசனைகள். கதைச் சுருக்கத்தையும் வினாவிடைக் குறிப்பையும் முதலிற் கையில் எடுக்காதீர்கள். விடுகதையின் விடையை முன்னரே அறிந்தவனுக்கு அதில் இன்பம் ஏது? நாவலில் 59 அத்தியாயங்கள் உள்ளன. வாரத்துக்கு மூன்றாகப் படித்தால் இருபது வாரத்தில் முடியும். வாரந்தோறும் படிப்பதற்கென்றே எழுதப்பட்டதாகையால் அவ்வாறு படிப்பதே பொருத்தமுமாகும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டவேண்டாம். பக்கத்தில் இரண்டு சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். மற்றவை போகப் போகத் தாமே விளங்கும். ஆங்கிலம் கடினமாயின் முதலிற் சுருக்கப் பதிப்பைப் படிப்பதில் இழுக்கில்லை. பின்னர் மூலத்துக்கு வாருங்கள். புத்தகம் கிடைக்காதவர்கள் கைத்தொலைபேசியிலே படிக்கலாம். பதிப்புரிமை முடிந்த நூலாகையால் குட்டன்பேர்க் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

படிக்கும்போது இரண்டு பிப்புகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒருவன் தடுமாறும் இளைஞன். மற்றவர் பல ஆண்டுகளுக்குப் பின் அவனைத் திரும்பிப் பார்த்துக் கதை சொல்லும் முதியவர். இளைஞன் நியாயம் கற்பிக்கும் இடங்களில் முதியவர் மெல்ல நகைப்பார். அவன் பெருமை கொள்ளும் இடங்களில் வருந்துவார். அடுத்தபடியாக, கைகளைக் கவனியுங்கள். யாருடைய கை எங்கே வருகிறது, யார் யார் கையைப் பற்றுகிறார் என்று ஒரு தாளிற் குறித்து வாருங்கள். நூலின் பொருள் முழுவதும் அந்தத் தாளில் அடங்கிவிடும்.

மாணவியர் எஸ்டெல்லாவின் அழகோடு நின்றுவிடாமல், அவள் எதற்காக அப்படி வளர்க்கப்பட்டாள் என்பதையும் சிந்திக்கவேண்டும். பிறருடைய பழியைத் தீர்க்கும் கருவியாக ஒரு பெண்ணை வளர்ப்பது எவ்வளவு கொடுமை! பிட்டியையும் மறவாதீர்கள். கிடைத்ததைக் கொண்டு தானே கற்று, பிறருக்கும் கற்பித்தவள் அவள்.

இந்நாவலை முடித்தவர்கள் நம் நாட்டு நூல்களையும் தேடிப் படிக்கவேண்டும். கோகிலம் சுப்பையா தோட்டத் தொழிலாளர் வாழ்வை எழுதிய ‘தூரத்துப் பச்சை’ 1964 இல் வெளிவந்தது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் எழுதிய ‘மடோல் தூவ’ தென்னிலங்கைச் சிறுவர் இருவரின் கதை. சிங்களப் பிள்ளைகள் விரும்பிப் படிப்பது. கொல்லன் வளர்த்த பிள்ளையோடு இவர்களையும் சேர்த்துப் படித்தால், வளர்வதன் வேதனை எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்பது புலனாகும்.

பாடசாலை நூலகத்தில் இப்புத்தகம் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். இல்லையென்றால் வாங்கித் தரும்படி கேளுங்கள். படித்த அத்தியாயத்தை வாரத்தில் ஓரிரவாவது வீட்டிலுள்ளோருக்குத் தமிழிற் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைத் தாளில் அவை வாரா. ஆயினும் பரீட்சை முடிந்த பின்னரும் அவை உங்களோடு இருக்கும்.