கல்லுக்கு ஒரு நகல்

புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்றினால்தான், நீரைத் திறந்துவிடும் மதகான குமிழித் தூம்பின் தூண்கள் அடிவரை தெரியும். தூம்பை யார் செய்வித்தார் என்ற கல்வெட்டு அவற்றில் சிலவற்றில் இருக்கும். உள்ளூர் வரலாற்றுக் குழுக்களுக்கு அதனால் கோடைதான் வேலைக்காலம். பள்ளி ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் கல்லூரி மாணவர்களுமாகச் சேர்ந்த இத்தகைய குழுக்களின் பெயர், புதிய கல்வெட்டு கிடைத்தது என்ற செய்தியோடுதான் நாளிதழில் வருகிறது. அவர்கள் படியெடுப்பதைக் கிட்டே நின்று பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. அந்தச் செய்தி இரண்டு நாளில் பழசாகிவிடும். குழு காகிதத்தில் ஒற்றி எடுத்து வைக்கும் மைப்படிதான் வரலாற்றுக்கு மிஞ்சும்.

வேலை கல்லைக் கழுவுவதில் தொடங்குகிறது. எழுத்தின் குழிக்குள் அடைந்த சேறும் பாசியும் பழைய சுண்ணாம்பும் போகும்வரை, கல்லைக் கீறாமல், பொறுமையாகத் தேய்க்கிறார்கள். பிறகு நனைத்த காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, அடியில் காற்றுக்குமிழி தங்காமல் நீவி, பிரஷ்ஷால் சீராகத் தட்டுகிறார்கள். தட்டத் தட்டக் காகிதம் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் இறங்குகிறது. ஓங்கித் தட்டினால் கிழியும். மென்மையாகத் தட்டினால் எழுத்து விழாது. ஈரம் எந்தப் பதத்தில் இருக்கும்போது மை ஒற்றுவது என்பதைக் கைதான் அறிகிறது. காய்ந்துவிட்டால் காகிதம் கல்லைவிட்டுக் கிளம்பிவிடும், ஈரம் மிகுந்தால் மை ஊறிப் பரவும். துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒற்றும்போது மேடு கறுக்கிறது, பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கிறது. உரித்து எடுத்ததும் பின்பக்கம் ஊர், இடம், நாள் எழுதுகிறார்கள். இந்தக் கடைசி வேலையைச் சலிப்பாகச் செய்யும் குழுவை நான் நம்பமாட்டேன். எங்கே எடுத்தது என்று தெரியாத படி பாதி அனாதை.

கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த நல்ல படம் மிகவும் உதவும்; முப்பரிமாணப் பதிவு இன்னும் உதவும். ஆனால் கிராமத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று மாவையோ சுண்ணாம்புக்கட்டியையோ பூசிவிட்டுப் படம் எடுக்கிறார்கள். பூசுகிறவர் எதை எழுத்தின் கோடு என்று நினைக்கிறாரோ அதுதான் படத்தில் விழும். கல்லின் வெடிப்பு ஒரு சுழியாகிவிடும், தேய்ந்த கொம்பு காணாமல் போகும். அவருடைய ஊகம் சான்றுபோல வேடம் போட்டு வந்துவிடுகிறது. காகிதத்துக்கு ஊகிக்கத் தெரியாது. வெடிப்பை வெடிப்பாகவே, அதே அளவில், தொட்டுப் பார்க்கும்படி காட்டுகிறது. பிறகு வருகிற அறிஞர் முதல் வாசிப்பைத் திருத்த முடிவது அதனால்தான்.

பயிற்சி இல்லாதவர்கள் தவறாகப் படிப்பார்கள் என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. பானைக்கீறல்களைப் பார்த்ததும் அவற்றின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னே தள்ளும் ஆர்வக்கோளாறும் உண்டு. ஆனாலும் பிழையான வாசிப்பை நல்ல படியைக் கொண்டு திருத்திவிடலாம். படியே எடுக்காமல் அழிந்துபோன கல்லுக்கு எந்த நிபுணரும் உதவ முடியாது. அதற்குத்தான் அரசுத் துறை இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1886இல் பொறுப்பேற்ற நாள் முதல் இந்தியக் கல்வெட்டுத்துறை எடுத்த படிகள் பெருஞ்செல்வம். 1966இல் மைசூருக்கு இடம்பெயர்ந்த அத்துறையிடம் இருந்த தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது; இன்றும் அவற்றின் மதிப்பு அவ்வளவு. ஆனால் எந்தத் துறையும் ஒவ்வொரு கண்மாய்க்கரையிலும் காத்திருக்க முடியாது. கரையைப் பலப்படுத்த இயந்திரம் வரும் நாளும், திருப்பணிக்காகச் சுவர் பிரிக்கும் நாளும் உள்ளூர்க்காரருக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிக்கு முந்தைய சடங்கான பாலாலயம் நடக்கப்போகிறது என்றால், கல்லைக் கழற்றுவதற்குமுன் தொல்லியல் துறைக்கும் பக்கத்து வரலாற்றுக் குழுவுக்கும் சொல்லி, சுவர் முழுவதையும் படியெடுக்கச் செய்யுங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும், இன்னொன்று துறையிடம் போகட்டும்.