அப்பாவின் சனிக்கிழமை

"அப்பாவைத் தனியாகவா விட்டிருக்கிறீர்கள்?"

இந்தக் கேள்வியைத் திருமண வீடுகளில் எதிர்கொண்டிருக்கிறேன். கருமக்கிரியை வீடுகளில் எதிர்கொண்டிருக்கிறேன். ஒருமுறை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோதும் ஒரு பெற்றோர் கேட்டார். யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. நாற்பதைத் தாண்டிய ஆசிரியர்கள் பலரும் இதற்கு ஏதேனும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். என் பதில் சற்று நீளமானது. கேட்டவரின் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க இயலாது. எனவே கடந்த புரட்டாசி மாதச் சனிக்கிழமை ஒன்றை முன்வைத்து இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 82. அம்மா 2018-இல் மறைந்தார். சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவு விலை வீட்டில் அப்பா வசிக்கிறார். நாங்கள் இருப்பது ஈப்போவில். இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தம்பி ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு, நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். கடந்த ஜூலையில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவு ஏதுமில்லை என்று ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இடுப்பில் மட்டும் கன்றிப்போயிருந்தது. அன்று முதல் தம்பிக்கு ஒரே பிடிவாதம். "அப்பாவை உன் வீட்டுக்கு அழைத்துப் போ, அக்கா. செலவு முழுவதும் என்னுடையது." அந்தச் சனிக்கிழமை இரவு அழைப்பேன், முடிவைச் சொல்லிவிடு என்றும் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமைகள் முன்பு என் கையில் இல்லை. ஆறாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு இது புரியும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும் வரை சனிக்கிழமைக் காலை என்பது கட்டுரைப் பயிற்சிக்கும் மாதிரித் தேர்வுத் தாளுக்கும் உரியது. இப்போது மாற்றுப் பள்ளி நாள் வராத சனிக்கிழமைகளில் எனக்குச் சற்று மூச்சு விட முடிகிறது. ஆனால் வாரம் முழுதும் ஒதுக்கிவைத்த வேலைகளெல்லாம் அன்றுதான் வரிசையில் வந்து நிற்கும்.

அன்றைய பட்டியலை ஒரு பயிற்றித் தாளின் பின்புறம் எழுதி வைத்திருந்தேன். மகளைக் கூடுதல் வகுப்பில் விட வேண்டும். வகுப்பறைத் தகவல் பலகைக்கு வண்ணத்தாள் வாங்க வேண்டும். அப்பாவின் செவிப்பொறிக்கு மின்கலம், குளியலறைக்குப் பிடிமானக் கம்பி, புந்தோங்கில் கச்சாங் பூத்தே. பல் போன பிறகும் அப்பாவுக்குக் கச்சாங் பூத்தே வேண்டும். கடலையை எனக்குத் தள்ளிவிட்டு ஓமப்பொடியை மட்டும் பொறுக்கித் தின்பார்.

மின்கலம் விற்கும் கடையில் வழக்கமான உரையாடல் நடந்தது. செவிப்பொறிக்குரிய அந்தச் சிறு பொத்தான் மின்கலத்தின் மேல் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். அதை உரித்ததும் உள்ளே காற்று புகுந்து மின்கலம் வேலை செய்யத் தொடங்கும். அதன் பிறகு காதில் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். அப்பாவோ சிக்கனக்காரர். யாரும் பேசாத நேரத்தில் மின்கலத்தைக் கழற்றி, பத்திரப்படுத்திய ஒட்டுத்தாளை மறுபடியும் ஒட்டி வைக்கிறார். "அதனால் பெரிய பயன் இல்லை என்று சொல்லுங்கள் டீச்சர்" என்றார் கடைப்பெண். இதை நான்காவது முறையாக அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரும்புக்கடையில்தான் நேரம் போயிற்று. முதலில் நான் கையில் எடுத்தது சுவரில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கைப்பிடி. விலை குறைவு, துளையிடும் வேலையும் இல்லை. கடைக்காரத் தவுக்கே அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப மாட்டிவிட்டார். ஈரச் சுவரில் அது எந்த நேரமும் கழன்றுவிடும், முழு எடையையும் போட்டுப் பிடிக்கும் நேரத்தில்தான் கழலும் என்றார். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இரண்டும் திருகாணிகளும் இரப்பர்ப் பாய் ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். எந்த உயரத்தில் பொருத்துவது என்று கேட்டேன். "உன் அப்பாவை நிற்க வைத்துப் பார், என்னைக் கேட்காதே" என்றார். பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறை பற்றி ஒரு பருவம் முழுதும் எங்களுக்குச் சொல்லித் தந்ததை இவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

சுங்கை சிப்புட்டை அடையும்போது மணி பத்தரை. வீடு பூட்டியிருந்தது. அப்பா கோயிலில் இருப்பார் என்று தெரியும்.

அந்தக் கோயிலைப் பற்றியும் அந்தக் குடியிருப்பைப் பற்றியும் சொல்லாவிட்டால் என் பதில் விளங்காது. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நானூறுக்கு மேற்பட்ட மரங்களைச் சீவி, வெயில் ஏறிய பிறகு மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனவர். பிறகு அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறியது. பால்மரக் காட்டுக்கு நாள்தோறும் ஆள் வேண்டும். செம்பனையில் ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும். அத்தனை கைகள் தேவையில்லை. மலேசியத் தோட்டங்கள் பலவற்றின் கதை இதுதான். எங்கள் தோட்டத்து மக்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. லயத்தில் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் பலரும் 1990-களில் ஒரே குடியிருப்பில் மலிவு விலை வீடு வாங்கிக் குடியேறினார்கள். தோட்டத்து மாரியம்மனையும் கையோடு அழைத்து வந்து கோயில் எழுப்பினார்கள். ஆகவே, அப்பாவின் அண்டை வீட்டார் இப்போது வந்தவர்கள் அல்லர். அவர்களில் சிலர் ஆயாக் கொட்டகையில் என்னோடு அழுதவர்கள்.

அப்பா கோயில் பின்கட்டில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார். புரட்டாசிச் சனியென்றால் பெருமாள் சன்னதியில் பூசை முடிந்து அன்னதானம் உண்டு. நூற்றைம்பது இலைகளுக்குக் குறையாது. அது அப்பாவின் பொறுப்பு. யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா போன பிறகு வந்த பொறுப்பு. அருகே இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் இலையைக் குறுக்கே துடைத்துக் கிழித்துக்கொண்டிருந்தான். அப்பா அவன் கையைப் பிடித்து, நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் துணியை நகர்த்திக் காட்டினார். "நரம்பு போற பக்கமே போ. எதிர்த்துப் போனா கிழியும்." கிழிந்ததைத் தூக்கி எறியவில்லை, பொட்டலம் கட்டுவதற்கென்று தனியே அடுக்கினார். நாள் பாடத்திட்டம் இல்லை, கற்றல் பேறு எழுதவில்லை. அடுத்த இலையைப் பையன் கிழிக்கவில்லை.

"கம்பி மாட்ட ஆள் பதினொரு மணிக்கு வருகிறார், அப்பா. வீட்டுக்குப் போகலாமா?"

செவிப்பொறி சட்டைப்பையில் இருந்தது. நான் மீண்டும் உரக்கச் சொன்னேன்.

"இலை இருக்கே" என்றார். அவ்வளவுதான். துளையிடுபவரைக் கைப்பேசியில் அழைத்து இரண்டு மணிக்கு மாற்றினேன். அவர் முணுமுணுத்தார், ஈப்போவில் எனக்குக் காத்திருந்த வேலைகளும் முணுமுணுத்திருக்கும். நானும் ஒரு துணியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தம்பி கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பா எங்களோடு இருந்து பார்த்தவர் என்பதைத்தான் அவன் மறந்துவிடுகிறான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, அதற்கு முதல்நாளே அப்பாவை ஈப்போவுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஜூன் வரை எங்களோடு இருந்தார். அப்போது நாங்கள் எல்லாரும் வீட்டில்தான் இருந்தோம். பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், வேளைக்கு உணவும் மாத்திரையும் தவறவில்லை. நான்கரை மணிக்கு எழுந்து வாசலைப் பெருக்குவார். பெருக்கிய வாசலை ஆறு மணிக்கு மறுபடியும் பெருக்குவார். பிறகு உட்கார்ந்துவிடுவார். மே மாதத்தில், "இன்னிக்கு என்ன கிழமை?" என்று ஒரு நாளில் பலமுறை கேட்கத் தொடங்கினார். மறதி நோயோ என்று நான் அஞ்சினேன். மாடத்தில் பெரிய நாட்காட்டி மாட்டினேன். வகுப்பில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்வதுபோல, காலையில் தேதித்தாளைக் கிழிக்கும் பொறுப்பையும் அவருக்கே கொடுத்தேன். கேள்வி நிற்கவில்லை.

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரத்தில் அந்தக் கேள்வி தானாக நின்றுவிட்டது. அவர் கிழமையைத் தாளில் பார்த்து அறிகிறவர் அல்லர். இரவுச் சந்தை போட்டால் செவ்வாய். கோயிலுக்குப் பூப்பறிக்கப் போனால் வெள்ளி. தவுக்கே கடையில் பற்றுக் கணக்குத் தீர்த்தால் மாதம் பிறந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லா நாளும் ஒரே நாளாக இருந்தது. அவரை அன்போடு பார்த்துக்கொண்டோம். ஆனால் அவருக்காகக் காத்திருக்கும் ஒரு வேலையும் எங்கள் வீட்டில் இல்லை.

ஜூலையில் அவர் விழுந்த கதையையும் தம்பி ஒரு பக்கமாகவே பார்க்கிறான். ஐந்தரை மணிவாக்கில் விழுந்திருக்கிறார். ஆறரைக்குப் பூக்கூடையோடு வர வேண்டியவர் வரவில்லையே என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்து, பின்கதவு வழியாக நுழைந்து, என்னை அழைத்தார். ஒரு மணி நேரம். எங்கள் வீட்டில் பள்ளி நாள் ஒன்றில், கடைசி ஆள் ஆறு ஐம்பதுக்குக் கிளம்பிய பிறகு அவர் விழுந்திருந்தால், நான் திரும்பிவரும் இரண்டரை மணிக்குத்தான் தெரிந்திருக்கும். இதைக் கணக்காகவே தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆளை வேலைக்கு வைக்கலாம்" என்றான். வைக்கலாம்தான்.

இன்னொன்றும் உண்டு. மகன் இருக்க மகள் வீட்டில் தங்குவதில் அப்பாவுக்குள்ள தயக்கம். என் கணவர் அவரை ஒருநாளும் வேறாக நினைத்ததில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் இருந்த மூன்று மாதமும் அப்பா குளிர்பெட்டியைத் தாமே திறந்ததில்லை.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்த தூரத்து உறவுக்கார அத்தை, எதிர்பார்த்தபடியே அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் வாயிலிருந்த சோற்றை விழுங்குவதற்குள், இரசம் ஊற்றிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா முந்திக்கொண்டார். "அவரு எங்க தனியா இருக்காரு? நாங்க என்ன மரமா?" பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்; செவிப்பொறி இன்னும் சட்டைப்பையில்தான் இருந்தது.

கை கழுவும் இடத்தில் அதே அக்கா என் தோளைத் தொட்டு நிறுத்தினார். அடுத்த ஆண்டு அவரை மகள் ரவாங்குக்கு அழைத்துப் போகப்போகிறாளாம். "உங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல தங்கச்சி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." குழாயை மூடவும் மறந்து நின்றேன். என் நீளமான பதிலின் பாதி அந்த அக்காதான். குடியிருப்பைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் இருந்த வீடுகள் பலவற்றில் இப்போது வாடகைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் என்னைப்போல் படித்து வேலை கிடைத்து வெளியேறியவர்கள். எல்லாருக்கும் ஒரு சனிக்கிழமை இருக்கிறது, வருகிறார்கள், போகிறார்கள்.

இரண்டு மணிக்குத் துளையிடுபவர் வந்தார். அப்பாவை நிற்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, எழும்போது கை இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். நான் நினைத்திருந்ததைவிட ஒரு சாண் கீழே இருந்தது. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று அப்பா குறைப்பட்டார். ஆள் போன பிறகு, நான் பார்க்கவில்லை என்று எண்ணி, கம்பியைப் பிடித்து முழு எடையையும் போட்டுத் தொங்காத குறையாகச் சோதித்துப் பார்த்தார்.

மாத்திரைப் பெட்டியை அடுத்த சனி வரைக்கும் நிரப்பினேன். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இனிப்புநீருக்கு இரண்டு. மின்கலத்தின் ஒட்டுத்தாள் பற்றி நான்காவது முறையாகச் சொன்னேன். தலையாட்டினார். மேசை இழுப்பறையில் பழைய ஒட்டுத்தாள்கள் ஒரு வரிசையாக ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டு மூடினேன்.

அக்கா ரவாங் போகும் செய்தியை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இரவு ஒன்பதரைக்குத் தம்பி அழைத்தான். இப்போதைக்கு அப்பா அங்கேயே இருக்கட்டும் என்றேன். ஏனென்று இலையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அக்கா போகப்போவதையும் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு இதையே மறுபடியும் பேச வேண்டியிருக்கும் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பின்னால் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். இன்னும் வீடு போய்ச் சேரவில்லை போலும்.

"தீபாவளிக்கு ஒரு நாள் முன்னதாக வரேன், அக்கா. அவர் எங்கே போறாரோ கூடவே போய்ப் பாக்குறேன்" என்றான்.

பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணைக் கேட்டான். கோயில் செயலாளரின் எண்ணைக் கேட்டான். கடைசியாக, அப்பா பற்றுக் கணக்கு வைத்திருக்கும் மளிகைக்கடைத் தவுக்கேயின் எண். அதை மட்டும் இருமுறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான்.